பிளேடை எண்ணுங்கள், ஜாதகம் சொல்கிறேன்

விமானக் கண்காட்சியில் நிறுத்தி வைத்திருக்கும் போர் ஹெலிகாப்டரைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைக் கவனித்திருக்கிறீர்களா? பாதிப் பேர் மூக்கடியில் இருக்கும் துப்பாக்கியோடு செல்ஃபி எடுப்பார்கள். மீதிப் பேர் ராக்கெட் குழாய்களை எண்ணுவார்கள். பைலட் சீட் கண்ணாடிக்குள் எட்டிப் பார்க்கப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு வரிசை நிற்கும். தலைக்கு மேலே இருப்பதை யாரும் அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை. உண்மையான கூத்து அங்கேதான் நடக்கிறது!

எனக்கு அண்ணாந்து பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் கொல்லிமலை தேவனூர் நாட்டுக்காரர். விமானப்படையில் டெக்னீஷியனாகச் சேர்ந்து, ரஷ்ய மி-17 ஹெலிகாப்டரிலும் பிறகு நம் நாட்டுத் துருவிலும் கை கறுக்க வேலை பார்த்து, ஓய்வு பெற்று மலைக்கே திரும்பிவிட்டார். மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வீடு. பெயரைப் போடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டதால் இங்கே அவர் வெறும் அண்ணன்.

“துப்பாக்கி, ராக்கெட்டெல்லாம் நாளைக்கே மாத்திக்கலாம் தம்பி. மேல எத்தனை பிளேடுன்னு எண்ணு. அதுதான் அதோட ஜாதகம். எங்க பொறந்துச்சு, எதுக்குப் பயப்படுது, எவ்வளவு சுமக்கும், எல்லாம் அதுலயே இருக்கு” என்றார் ஒரு நாள்.

அன்றிலிருந்து எனக்கு இது பைத்தியமாகவே ஆகிவிட்டது. அமெரிக்கக் கோப்ரா: இரண்டு. அப்பாச்சி: நான்கு. நம் பிரசண்ட்: நான்கு. ரஷ்ய மி-35: ஐந்து. அதே ரஷ்யாவின் கா-52: மேலே மூன்று, கீழே மூன்று, வாலில் ஒன்றுமே கிடையாது. எல்லோருக்கும் ஒரே வேலை, ஒரே காற்று. பிறகு ஏன் ஆளுக்கொரு எண்ணிக்கை? ஒன்று கூட்டினால் என்ன லாபம், யார் தலையில் சுமை?

வாருங்கள், திரைக்குப் பின்னால் போவோம்.

பிளேடு என்பது நீளமான, ஒல்லியான விமான இறக்கை. விமானம் ஓடி ஓடித் தன் இறக்கைக்குக் காற்று ஊட்டுகிறது. ஹெலிகாப்டர் நின்ற இடத்திலேயே இறக்கையைச் சுழற்றிக் காற்று ஊட்டிக்கொள்கிறது. அதிக எடை தூக்க வேண்டுமா? சுலபமான வழி, வேகமாகச் சுற்றுவது. ஆனால் அங்கே ஒரு சுவர் நிற்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். துருவ், பிரசண்ட் இரண்டுக்கும் ரோட்டார் வட்டத்தின் விட்டம் 13.2 மீட்டர். நிமிடத்துக்குச் சுமார் 300 சுற்று என்று வைத்தால், பிளேடின் நுனி விநாடிக்கு 200 மீட்டருக்கு மேல் பாய்கிறது. ஹெலிகாப்டர் மணிக்கு 250 கிலோமீட்டரில் முன்னே போகும்போது, முன்பக்கம் வரும் பிளேடின் நுனிக்கு அந்த 70 மீட்டரும் சேர்ந்து 270, 280 ஆகிவிடும். ஒலியின் வேகம் 340. அதை நெருங்க நெருங்கக் காற்று முரண்டு பிடிக்கும். இரைச்சல் காதைப் பிளக்கும். எஞ்சின் சக்தி வீணாகும்.

எதிர்ப்பக்கம் பின்னே போகும் பிளேடுக்கோ நேர்மாறான தலைவலி. அதற்குக் கிடைப்பது 130, 140 மீட்டர்தான். அவ்வளவு குறைந்த காற்றில் தன் பங்கு எடையைத் தூக்க, பிளேடு மூக்கை மேலே மேலே தூக்கிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் காற்று அதன் முதுகை விட்டு விலகிவிடும். பைலட்டுகள் ‘ஸ்டால்’ என்பது இதைத்தான். ஒரு பக்கம் ஒலியின் சுவர், மறுபக்கம் ஸ்டால் பள்ளம். நடுவே இருக்கும் ஒடுக்கமான சந்துக்குள்தான் ஹெலிகாப்டர் வடிவமைக்கிற அத்தனை பேரும் குடித்தனம் நடத்துகிறார்கள்.

வேகத்தைக் கூட்ட முடியாது என்றால் பரப்பைக் கூட்ட வேண்டும். பிளேடை நீட்டலாம், நுனி வேகமும் கூடும், மரக்கிளையில் இடிக்கும், ஹேங்கருக்குள் நுழையாது. அகலமாக்கலாம், ஒவ்வொன்றும் கனக்கும். இல்லையென்றால் எண்ணிக்கையைக் கூட்டலாம்.

பரப்பு ஏன் வேண்டும் என்பதைத் தேவனூர் நாட்டிலேயே கண்கூடாகப் பார்க்கலாம். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால், கொல்லிமலையின் மேடு கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல். 1,200 மீட்டரில் காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட ஏறக்குறைய 11 சதவீதம் குறைவு. மூச்சு விடும் நமக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆனால் கோவைப் பக்கம் சூலூரிலிருந்து கிளம்பி இந்த மலைக்கு மேல் அந்தரத்தில் நிற்க நினைக்கும் ஹெலிகாப்டருக்கு அது நன்றாகவே தெரியும். ஒவ்வொரு பிளேடும் கொஞ்சம் கூடுதலாக மூக்கைத் தூக்கினால்தான் அதே எடையைத் தாங்க முடியும். சியாச்சின் பக்கம் 5,000 மீட்டருக்குப் போனால் 40 சதவீதக் காற்று காணாமல் போயிருக்கும்!

பரப்பு கூடக் கூட நல்லது என்றால் பத்துப் பிளேடு போட்டுவிட வேண்டியதுதானே? கனரக மி-26-க்கு எட்டு இருக்கிறது. அமெரிக்காவின் சிஎச்-53-இ-க்கு ஏழு. அவை லாரிகள். போர் ஹெலிகாப்டருக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு பிளேடும் தனியாக வருவதில்லை. தனக்கொரு பிடிப்பு, ஒரு பேரிங் தொகுதி, கோணத்தைத் திருப்ப ஒரு பிட்ச் லிங்க், அதிர்வைத் தணிக்க ஒரு டாம்பர் என்று குடும்பத்தோடு வரும். அத்தனையும் சேர்ந்த ஹப் பெருத்து, முன்னே போகும்போது காற்றைக் கிழித்துக்கொண்டே இழுபடும். முன்னால் போன பிளேடு கலக்கிவிட்ட காற்றில்தான் பின்னால் வருவது நீந்த வேண்டும் என்பது இன்னொரு தொல்லை.

தத்துவப்படி பார்த்தால் ஒற்றைப் பிளேடுதான் உத்தமம். சிரிக்காதீர்கள், செய்தே பார்த்திருக்கிறார்கள்! ஜெர்மனியின் பெல்கோ நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் பிஓ-103 என்ற குட்டி ஹெலிகாப்டரை ஒரே ஒரு பிளேடோடு செய்தது. எதிர்ப்பக்கம் ஒரு எடைக்கல். படத்தைப் பார்த்தால் ஒரு கை ஒடிந்த மின்விசிறி என்றே தோன்றும். இந்த நிறுவனத்தின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; நம் வீட்டுக்கே சம்பந்தம் பேச வரப் போகிறது.

முதலில் இரண்டு பிளேடின் கதை. 1965 செப்டம்பரில் முதன்முதலாகப் பறந்த பெல் கோப்ராதான் போருக்கென்றே பிறந்து பெருவாரியாகத் தயாரான முதல் ஹெலிகாப்டர். உடல் அகலம் ஒரு மீட்டர்கூட இல்லை. எதிரிக்கு முன்பக்கத்திலிருந்து ஒரு கோடு மாதிரிதான் தெரியும். மேலே இரண்டடிக்கும் மேல் அகலமான இரண்டு பிளேடுகள். நிறுத்தும்போது வாலோடு சேர்த்து நேர்க்கோட்டில் வைத்துவிட்டால் கப்பலில் இடமே அடைக்காது. உதிரிபாகம் குறைவு, விலை குறைவு, மெக்கானிக்குக்குத் தூக்கம் அதிகம்.

வினை எங்கே இருந்தது என்றால், அந்த இரண்டு பிளேடும் ஒரே துண்டாகத் தண்டின் உச்சியில் சீசா போல ஆடும்படி மாட்டப்பட்டிருந்தன. உடல் அதன் கீழே தொங்கிக்கொண்டு வரும். மேட்டைத் தாண்டியதும் பைலட் மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தினால் ஒரு கணம் எடையற்ற நிலை வரும். ரோட்டார் இழுக்கவில்லை என்றால் தொங்கும் உடலுக்குக் கட்டுப்பாடே இல்லை. வால் ரோட்டாரோ நிற்காமல் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும். உடல் உருளத் தொடங்கும். பைலட் இயல்பாகக் குச்சியை எதிர்ப்பக்கம் சாய்ப்பார். ஹப் சாய்ந்து போய்த் தண்டிலேயே மோதும். தண்டு முறியும். அமெரிக்க ராணுவம் இப்படி ஹெலிகாப்டர்களையும் ஆட்களையும் இழந்திருக்கிறது. மேடு பள்ளத்தை ஒட்டித் தவழ்ந்து, எட்டிப் பார்த்துச் சுட்டுவிட்டு ஒளிய வேண்டிய ஒரு எந்திரத்துக்கு, மேட்டைத் தாண்டி இறங்குவதே ஆபத்து என்றால் எப்படி?

அதனால்தான் அடுத்த போட்டி எனக்கு மிகவும் பிடித்த போட்டி. அமெரிக்க ராணுவம் புதிய போர் ஹெலிகாப்டர் கேட்டது. 1975 செப்டம்பர் 30 அன்று ஹியூஸ் நிறுவனத்தின் ஒய்ஏஎச்-64 பறந்தது: நான்கு பிளேடு. மறுநாளே, அக்டோபர் 1 அன்று, பெல் நிறுவனத்தின் ஒய்ஏஎச்-63 பறந்தது: அகலமான இரண்டு பிளேடு, கோப்ராவின் பரம்பரைச் சொத்து. ஒரே கேள்விக்கு இரண்டு விடைத்தாள், ஒரு நாள் இடைவெளியில்! ஓராண்டுக்கு மேல் இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு 1976 டிசம்பரில் ராணுவம் ஹியூஸைத் தேர்ந்தெடுத்தது. சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, நான்கு பிளேடு ரோட்டார் அடி வாங்கினாலும் தாங்கும் என்பது. அதுதான் அப்பாச்சி. 23 மில்லிமீட்டர் குண்டு துளைத்தாலும் பிளேடு தாங்கி ஆளை வீடு சேர்க்க வேண்டும் என்பது அதன் வடிவமைப்பிலேயே இருந்த நிபந்தனை.

தோற்ற பெல் என்ன செய்தது? பல காலம் இரண்டையே கட்டிக்கொண்டு அழுதது. கடைசியில் அமெரிக்க மரைன் படைக்காகக் கோப்ராவைப் புதுப்பித்தபோது ஏஎச்-1இசட் ஆனது. அதற்கும் நான்கு பிளேடுதான். ஆனால் புத்திசாலித்தனமாகச் செய்தார்கள். கூட்டுப்பொருளால் ஆன ஹப்பே வளைந்து கொடுக்கும். கீலும் இல்லை, பேரிங்கும் இல்லை. சாதாரண நான்கு பிளேடு ஹப்போடு ஒப்பிட்டால் உதிரிபாகங்கள் 75 சதவீதம் குறைவு. கப்பலில் நிறுத்தப் பிளேடுகள் மடங்கவும் மடங்கும். பிளேடு கூடினால் சிக்கல் கூடும் என்ற பழைய கணக்கைப் பொருளின் குணம் மாற்றிவிட்டது.

இப்போது பெல்கோவுக்கு வருவோம். ஒற்றைப் பிளேடில் விளையாடிய அதே ஜெர்மானியர்கள் 1967 பிப்ரவரியில் பிஓ-105-ஐப் பறக்கவிட்டார்கள்: நான்கு கண்ணாடியிழைப் பிளேடுகள், கீல்களே இல்லாமல் ஹப்போடு இறுக்கிப் பிடித்தவை. மேலும் கீழும் ஆட வேண்டிய வேலையைப் பிளேடின் அடிப்பகுதியே வளைந்து பார்த்துக்கொள்ளும். ரோட்டார் சாய்ந்தால் உடலும் அந்தக் கணமே சாயும், தொங்கல் கிடையாது. எடையற்ற நிலையிலும் குச்சிக்குக் கட்டுப்படும். குட்டிக்கரணம் போடும் ஹெலிகாப்டர் என்று அது பேர் வாங்கியது. டாங்கிகளைத் தாக்கும் ஏவுகணை மாட்டி ஜெர்மன் ராணுவம் அதையே போருக்கும் வைத்துக்கொண்டது.

பெல்கோ சில இணைப்புகளுக்குப் பிறகு எம்பிபி ஆனது. 1984-ல் அந்த எம்பிபி, நம் அரசு விமானத் தயாரிப்பு நிறுவனமான ஹெச்ஏஎல்லோடு கைகோத்தது. அந்தச் சம்பந்தத்தில் பிறந்ததுதான் 1992 ஆகஸ்ட் 20 அன்று முதன்முதலாகப் பறந்த துருவ். நான்கு பிளேடு, கீல் இல்லாத ஹப். கார்பன் இழையால் ஆன இரண்டு நட்சத்திரத் தட்டுகள், அவற்றுக்கு நடுவே பிடிபட்ட பிளேடு அடிகள், ரப்பர் அடுக்குப் பேரிங்குகள். பிரசண்ட் பக்கத்தில் போய் அண்ணாந்து பார்த்தால் அந்த நட்சத்திரமே தெரியும். துருவின் ரோட்டாரையும் கியர்பாக்ஸையும் வாங்கிக்கொண்டு, உடலை மட்டும் ஒல்லியாக்கி, இரண்டு பேரை முன்னும் பின்னுமாக உட்கார வைத்தால் பிரசண்ட். 2010 மார்ச் 29-ல் முதல் பறத்தல்.

2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் நடந்த விமானப்படைச் சாகசக் காட்சியில் மயில் வண்ண ஹெலிகாப்டர்கள் நேருக்கு நேர் பாய்ந்து கடைசி நொடியில் விலகியதைப் பார்த்து வாய் பிளந்தவர்கள் உண்டல்லவா? சூலூரை வீடாகக் கொண்ட சாரங் குழு அது, 2003-ல் தொடங்கியது, முழுக்கத் துருவ். அந்தச் சட்டென்ற திருப்பத்துக்குப் பைலட்டின் தில்லோடு கீல் இல்லாத அந்த நான்கு பிளேடுக்கும் பாதிப் பங்கு உண்டு. அண்ணனைக் கேட்டால் முக்கால் பங்கு என்பார்.

இறுக்கிப் பிடித்ததற்கு விலை உண்டு. பிளேடின் ஒவ்வொரு சிணுங்கலும் தண்டு வழியாக உடலுக்குள் இறங்கும். இங்கேதான் எண்ணிக்கை மறுபடி முகத்தைக் காட்டுகிறது. விநாடிக்கு ஐந்து சுற்று என்று வைப்போம். இரண்டு பிளேடு என்றால் விநாடிக்குப் பத்து உலுக்கல். ஒவ்வொன்றும் முதுகெலும்பில் இறங்கும் பெரிய உலுக்கல். நான்கு என்றால் இருபது. ஐந்து என்றால் இருபத்தைந்து. எண்ணிக்கை கூடக் கூட உலுக்கல் பொடிப்பொடியாகி, பெரும்பாலும் மிதமாகிவிடும். பைலட்டின் சொகுசுக்காக மட்டுமல்ல. மூக்கில் இருக்கும் கேமராவும் லேசரும் கிலோமீட்டர் கணக்கில் தள்ளி நிற்கும் டாங்கியை ஆடாமல் பார்க்க வேண்டும். துருவில் மிச்ச அதிர்வை விழுங்க, கியர்பாக்ஸுக்கும் உடலுக்கும் நடுவே நான்கு அதிர்வுத் தடுப்பான்களை உட்கார வைத்திருக்கிறார்கள். பிளேடுகள் உலுக்கும் அதே தாளத்தில் எதிர்த்து ஆடும் எடைகள் அவற்றுக்குள் இருக்கின்றன.

“சரிண்ணே, அப்ப அஞ்சு பிளேடு மி-35 நாலு பிளேடைவிட ஒரு படி மேலயா?” என்று கேட்டேன்.

அண்ணன் சிரித்தார். “கார்கில்ல என்ன நடந்துச்சுன்னு தெரியுமில்ல?”

தெரியும். 1999-ல் இந்தியாவிடம் போருக்கென்றே செய்த மி-35 இருந்தது. கார்கில் சிகரங்களின் உயரத்துக்கு அதனால் ஏற முடியவில்லை. சரக்கும் ஆளும் ஏற்றும் மி-17-க்கு ராக்கெட் மாட்டி அனுப்பினார்கள். மே 28 அன்று தோலோலிங் பக்கம் தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைக்கு ஒன்று பலியானது. உள்ளே இருந்த நான்கு பேரும் திரும்பவில்லை.

வேடிக்கை என்னவென்றால் மி-17, மி-35 இரண்டுக்குமே ஐந்து பிளேடு. ஒரே மில் நிறுவனத்துப் பிள்ளைகள்; மி-35-ன் முன்னோடியான மி-24, மி-8 குடும்பத்து உறுப்புகளை வைத்தே பிறந்தது. வித்தியாசம் நீளத்தில். மி-17-ன் ரோட்டார் விட்டம் 21.3 மீட்டர், மி-35-க்கு 17.3. முழு எடையை ரோட்டார் வட்டத்தின் பரப்பால் வகுத்துப் பாருங்கள்: மி-17-ல் ஒரு சதுர மீட்டர் சுமப்பது சுமார் 36 கிலோ, மி-35-ல் ஏறக்குறைய 49. தாழப் பறந்து வேகமாகப் பாய்வதற்காகக் கையைக் குட்டையாக்கி, மேலே கவசத்தைப் போர்த்திக்கொண்ட எந்திரம் அது, சமவெளிக்கு ஏற்றது. பிரசண்டுக்கு அந்தக் கணக்கு 42 ஆக வருகிறது. ஆயுதமும் எரிபொருளும் சுமந்து 5,000 மீட்டரில் இறங்கி ஏறக்கூடியது என்று அரசு சொல்வதன் பின்னால் இந்த எண்ணும், உயரத்துக்கென்றே டியூன் செய்த ‘சக்தி’ என்ற எஞ்சின்கள் இரண்டும் இருக்கின்றன. கார்கில் பாடம்தான் பிரசண்டைப் பெற்றது. 2006-ல் ஒப்புதல், 2022 அக்டோபர் 3-ல் ஜோத்பூரில் விமானப்படையில் சேர்ப்பு.

மி-24 குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது இந்தக் குதூகலத்தைக் கொஞ்சம் கீழே வைக்க வேண்டும். 1987-ல் அமைதிப்படையோடு அந்தக் குடும்பத்து இந்திய மி-25-கள் யாழ்ப்பாணம் போயின. 1995-லிருந்து இலங்கை விமானப்படையே மி-24-களைப் பறக்கவிட்டது. அந்த ஐந்து பிளேடு ஓசையை வேறு மாதிரி நினைவில் வைத்திருக்கும் தமிழர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். எந்திரத்தின் அழகை ரசிக்கும் யாரும் அது எதற்குச் செய்யப்பட்டது என்பதை மறந்துவிட்டு ரசிக்க முடியாது.

உயரத்தைப் பற்றி இன்னொன்று. எண்ணிக்கை மோகம் பிடித்தவர்களின் வாயை மூட அண்ணன் வைத்திருக்கும் துருப்புச் சீட்டு அது. 1972 ஜூனில் ழான் பூலே என்ற பிரெஞ்சுக்காரர் 12,442 மீட்டர் உயரத்துக்கு ஏறிச் சாதனை படைத்தது லாமா ஹெலிகாப்டரில். அதைத்தான் நாம் உரிமம் வாங்கிச் சீட்டா என்று செய்தோம். சியாச்சினில் பல்லாண்டு உழைத்த அதே சீட்டா. பிளேடு எத்தனை? மூன்றே மூன்று! 2005 மே மாதம் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டு நின்றதும் மூன்று பிளேடு ஹெலிகாப்டர்தான். உடல் இலேசாக இருந்தால் மூன்று போதும். துப்பாக்கி, ஏவுகணை, கவசம், இரட்டை எஞ்சின் என்று ஏற்ற ஏற்றத்தான் நான்காவதும் ஐந்தாவதும் கேட்கிறது.

இத்தாலியர்கள் அதை அப்படியே செய்து காட்டினார்கள். 1983-ல் பறந்த மங்குஸ்தா ஏ-129-க்கு நான்கு பிளேடு. எடையும் சக்தியும் கூடியபோது ரோட்டார் விட்டத்தை 11.9 மீட்டரிலிருந்து நகர்த்தவில்லை. ஐந்தாவது பிளேடைச் சேர்த்தார்கள். துருக்கியின் டி-129 அந்த ஐந்து பிளேடுக் கிளையில் வந்தது.

இனி, கண்காட்சியில் யாரும் காட்டாத பகுதி.

மி-17-ல் காலையில் முதல் வேலை என்ன தெரியுமா? ஏணி போட்டு மேலே ஏறி ஒவ்வொரு பிளேடின் அடியிலும் ஒரு சின்னக் காட்டியைப் பார்ப்பது. அந்தப் பிளேடின் முதுகெலும்பு உள்ளீடற்ற உலோகக் குழல். அதற்குள் காற்றை அழுத்தி அடைத்து வைத்திருப்பார்கள். மயிரிழை விரிசல் விட்டாலும் காற்று கசியும். அழுத்தம் இறங்கியதும் காட்டியில் சிவப்பு எட்டிப் பார்க்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்ணுக்குக் காட்ட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. “சிவப்பு தெரிஞ்சா அன்னைக்குப் பறத்தல் கிடையாது. ஜெனரல் வந்து நின்னாலும் கிடையாது” என்கிறார் அண்ணன். ஐந்து பிளேடு என்றால் ஐந்து தடவை பார்க்க வேண்டும். டிசம்பர் மாதத்து வடக்குக் குளிரில், உறைந்த ஏணியில்.

அடுத்தது டிராக்கிங். எல்லாப் பிளேடும் ஒரே தளத்தில் சுற்ற வேண்டும். ஒன்று மட்டும் இரண்டு விரல்கடை மேலே ஓடினாலும் ஹெலிகாப்டர் சுற்றுக்கொரு தரம் துள்ளும். எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தக் காலத்து வழியைக் கேட்டு நான் கத்தியே விட்டேன். ஒவ்வொரு பிளேடு நுனியிலும் வெவ்வேறு நிறச் சாக்பீஸைத் தேய்ப்பார்கள். எஞ்சினை ஓடவிட்டு, நீளக் கம்பத்தில் கட்டிய துணியையோ காகிதத்தையோ ஒரு ஆள் பிடித்துக்கொண்டு, சுழலும் நுனிகளை நோக்கி மெல்ல, மெல்லச் சாய்ப்பார். விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் பாயும் நுனிகள்! சட்டென்று ஒரு ‘டப்’. கம்பத்தை இறக்கிப் பார்த்தால் துணியில் நிறக் கீற்றுகள். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தால் கைதட்டல். நீலம் மட்டும் தனியாக மேலே இருந்தால், நீலப் பிளேடின் பிட்ச் லிங்கைக் கொஞ்சம் திருகிவிட்டு, மறுபடி சாக்பீஸ், மறுபடி கம்பம்.

“கம்பம் பிடிக்கிறது யாருண்ணே?”

“புதுசா வந்தவன்தான், வேற யாரு!”

பிளேடு ஒன்று கூடினால் ஒரு நிறம் கூடும், ஒரு லிங்க் கூடும். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கோபித்துக்கொள்ளும் வாய்ப்பும் கூடும். இரண்டு பிளேடில் அரை மணி நேரத்தில் முடிகிற சங்கதி ஐந்தில் பொழுதை விழுங்கிவிடும் என்பார் அவர். வடிவமைப்பாளர் வரைபடத்தில் சேர்க்கும் ஒரு கோடு, இருபது வருடத்துக்குத் தினமும் எங்கோ ஒரு டெக்னீஷியன் மேல் விழுகிறது. பிளேடு எண்ணிக்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் அதிர்வு, வேகம், சத்தம் என்று எல்லாம் எழுதுவார்கள். இதை மட்டும் விட்டுவிடுவார்கள்.

சத்தம் என்றதும் ஒரு உளவுக் கதை. அமெரிக்காவின் சிஐஏ வியட்நாம் போரின் கடைசிக் கட்டத்தில் ஹியூஸ் 500 ஹெலிகாப்டரை எடுத்து ஊமையாக்கச் சொன்னது. நான்கு பிளேடை ஐந்தாக்கினார்கள். பரப்பு கூடியதால் ரோட்டாரை மெதுவாகச் சுற்ற முடிந்தது. நுனி வேகம் குறைந்தால் இரைச்சலும் இறங்கும். வாலில் நான்கு பிளேடை ஒழுங்கான கூட்டல் குறியாக வைக்காமல் கத்தரிக்கோல் மாதிரிச் சாய்த்து வைத்தார்கள். இடைவெளி சமமில்லை என்றால் ஒரே சுருதியில் ஊளையிடாது. சத்தம் பல சுருதிகளில் சிதறிக் கரைந்துவிடும். 1972 டிசம்பரில் ஒரு இரவு அது வட வியட்நாமுக்குள் வின் நகரப் பக்கம் நுழைந்து, தொலைபேசிக் கம்பியில் ஒட்டுக் கேட்கும் கருவியை மாட்டிவிட்டுத் திரும்பியது. அதே ஹியூஸ்தான் பிறகு அப்பாச்சியைச் செய்தது. அடுத்த முறை அப்பாச்சி படம் கிடைத்தால் வாலைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோணலாக மாட்டியிருக்கிறார்களே என்று தோன்றும். அது அந்தக் கத்தரிக்கோல்!

ஐந்து பிளேடையும் மௌனத்தையும் உச்சத்துக்குக் கொண்டுபோனது அமெரிக்க ராணுவத்தின் கோமாஞ்சி. 1996 ஜனவரியில் பறந்தது, வால் ரோட்டாரைக்கூடப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். இரண்டே இரண்டு செய்துவிட்டு 2004-ல் கைவிட்டார்கள். ஜாதகம் பிரமாதமாக இருந்தும் ஆயுள் இல்லை.

நம் நான்கு பிளேடுக்கும் சோதனை வந்தது. 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தரில் கடலோரக் காவல் படையின் துருவ் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். நாடு முழுவதும் துருவ்கள் தரையில் நிறுத்தப்பட்டன. பழுது தேடிய கண்கள் போய் நின்ற இடம் ஸ்வாஷ் பிளேட். பைலட்டின் கைக் குச்சி அசையாத உலகத்தில் இருக்கிறது. பிளேடுகள் சுழலும் உலகத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே அசையாத தட்டு ஒன்றும் சுழலும் தட்டு ஒன்றும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் இடம்தான் அது. நான்கு பிட்ச் லிங்கும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. பிளேடு நான்கானாலும் எட்டானாலும் சொல் கேட்பது அந்த ஒரே தட்டிடம்தான். பிளேடில் ஒன்று அடிபட்டால் தப்பிக்க வழி உண்டு, அந்தத் தட்டு போனால் கிடையாது. அந்த ஆண்டு மே மாதம் முதல் ராணுவ, விமானப்படைத் துருவ்கள் படிப்படியாகப் பறக்க அனுமதிக்கப்பட்டன.

அதற்கு நடுவே, 2025 மார்ச் 28 அன்று பாதுகாப்பு அமைச்சகம் 156 பிரசண்டுகளுக்கு ஹெச்ஏஎல்லோடு கையெழுத்துப் போட்டது. 62,700 கோடி ரூபாய், ராணுவத்துக்கு 90, விமானப்படைக்கு 66. பெங்களூருவிலும் துமகூருவிலும் தயாராகப் போகின்றன. செய்தியைப் படித்துக் காட்டியதும் அண்ணன் மற்ற எண்களை விட்டுவிட்டு 156-ஐ மட்டும் பிடித்துக்கொண்டார். மனக்கணக்கு ஓடியது.

“தலைக்கு நாலுன்னா அறுநூத்தி இருபத்தி நாலு. வாலுக்கும் நாலு. மொத்தம் ஆயிரத்து இருநூத்தி நாப்பத்தெட்டு பிளேடு தம்பி. ஒவ்வொண்ணையும் எவனோ ஒருத்தன் தடவிப் பாக்கணும்.”

இப்போதெல்லாம் கம்பம் இல்லை. நுனியைப் படம் பிடிக்கும் கேமராவும் அதிர்வை அளக்கும் உணரிகளும் வந்துவிட்டன, கம்ப்யூட்டரே எந்த லிங்கை எவ்வளவு திருக வேண்டும் என்று சொல்லிவிடும் என்றேன். அது அவருக்குத் தெரியாததா? துருவில் அவரே அதில்தான் வேலை பார்த்திருக்கிறார்.

“கம்ப்யூட்டர் சொல்லும். ஸ்பேனரை யாரு பிடிக்கிறது?” என்றார்.